பட்ட மருதுக்கு அடித்த காவி

வாங்க என் கண்ணுகளா, நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் கிட்ட வந்து உட்காருங்கள். கால் நீட்ட இடம் போதவில்லை என்றால் என் முழங்காலைத் தள்ளிவிட்டு நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். மம்சாபுரத்துக்கு மேற்கே, மாந்தோப்பு முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் நடந்தது. முதலில் கொஞ்சம் சிரிப்பு வரும். வரும்போதே சிரித்துவிடுங்கள். போகப்போக அதற்கு இடம் இருக்காது. ஆனாலும் நடுவில் எழுந்து போகாதீர்கள். கதையைப் பாதியில் விட்டுப் போனால் அது உங்கள் பின்னாலேயே வரும்.

சங்கையா என்று ஒரு வாச்சர். காட்டிலாகாவில் தினக்கூலி. காக்கிச் சட்டை உண்டு, காக்கி டவுசர் கிடையாது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே காக்கியைப் போட்டுக்கொள்வான். அவன் காவல் காத்த காடு பாதி தானாக முளைத்தது, பாதி ஆள் நட்டது. எந்தக் காலத்திலோ வரிசை பிடித்து நட்ட தேக்கு ஒரு பக்கம். குட்டப்பாறை ஓடையை ஒட்டி, யாரும் நடாத மருதும் நாவலும் புங்கும் இன்னொரு பக்கம். நெருக்கமாக நிற்கிற தேக்கைக் களைந்துவிடுவது, உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவது, மாசி பிறக்கும் முன் தீ தாண்டாமல் இருக்கப் புல்லைச் செதுக்கிக் கோடு போடுவது என்று வருசா வருசம் அங்கே வேலை நடக்கும். வேலை தொடங்குகிற அன்றைக்கே வனவர் சொல்லிவிடுவார்: "பொந்து விழுந்த பட்டமரத்துல யாரும் கை வைக்கக்கூடாது. நிக்கிறது நிக்கட்டும், விழுந்தது கெடக்கட்டும்."

காரணம் இதுதான். தேக்கு எல்லாம் இளசு. இளசில் பொந்து விழாது. உயிரோடு இருக்கிற மரம் பழம் கொடுக்கும். வீடு கொடுக்க, மரம் செத்துப் பல மழை பார்த்திருக்க வேண்டும். ஆந்தைக்கும் கிளிக்கும் பறக்கிற அணிலுக்கும் அந்த ஓடையோரத்துப் பட்டமரங்கள்தான் வீடு. எல்லாவற்றிலும் பெரிய வீடு இருவாச்சிக்கு வேண்டும். நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். சாம்பல் நிறம், மண்வெட்டிக் காம்பு வளைந்த மாதிரி மூக்கு. கோடை வந்ததும் பொட்டை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, எச்சமும் மண்ணும் குழைத்து வாசலைப் பூசிவிடும். மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். சேவல்தான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டவேண்டும். உள்ளே போனவளுக்கு இறகு உதிர்ந்துவிடும்; நினைத்தாலும் பறக்க முடியாது. குஞ்சு தேறுகிற வரைக்கும் அவள் கைதிதான்.

சட்டம் இருந்தது. ஆனால் விறகுக்கு வருகிற பெண்களுக்கு முதலில் கண்ணில் படுவதே பட்டமரம்தான். காய்ந்திருக்கும், கனம் இருக்காது, வெட்டியதும் எரியும். வீட்டில் கேஸ் இருந்தாலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு வேண்டாமா? அப்படி ஒரு கோடையில் மாரிக்கனியும் அவள் கூட்டாளிகளும் ஒரு பட்ட நாவலைச் சாய்த்துவிட்டார்கள். சங்கையா ஓடிவந்து பார்க்கையில் பொந்து பிளந்து, இறகில்லாத தாயும் கண் திறக்காத இரண்டு குஞ்சும் புழுதியில் கிடந்தன.

"ஏட்டி மாரிக்கனி, கண்ணு எங்க வச்சிருந்த? உள்ள உசுரு இருக்குன்னு தெரியல?"

"செத்த மரத்துக்குள்ள உசுரு இருக்கும்னு நான் என்ன ஜோசியமாண்ணே கண்டேன்? நீங்கதான் சம்பளம் வாங்கிக்கிட்டுப் பொணத்துக்குக் காவக் கெடக்கீய."

"பேசுவட்டி, பேசுவ. ஒன் வீட்டுக் கூரையப் பிரிச்சா தெரியும்."

"எங்க வீடு தளம் போட்டதுண்ணே. பிரிக்க வராது."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மாரிக்கனி கெட்டவள் அல்ல, பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தக் குஞ்சுகளை முந்தானையில் ஏந்தி, வாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தவளும் அவள்தான். சாயங்காலத்துக்குள் மூன்றும் செத்துப்போயின.

ஓடையோரத்தில் அதற்கப்புறம் அந்த அளவுக்குப் பொந்துள்ள மரம் ஒன்றுதான் மிஞ்சியது. தோப்புக்குப் போகிற வண்டிப்பாதைக்கு மேலே கிளை நீட்டிக்கொண்டு நின்ற பட்ட மருது. அந்த மொட்டைக் கிளை மேல் ஓடித்தான் சாம்பல் அணில்கள் காட்டு மரத்திலிருந்து மாமரத்துக்குத் தாண்டும். தரையில் இறங்குகிற பழக்கம் அதுகளுக்குக் கிடையாது. இந்த மரத்துக்கும் அரிவாள் வரும் என்று சங்கையாவுக்குத் தெரியும். எத்தனை நாள் கீழேயே நிற்பான்? யோசித்து யோசித்து ஒரு வேலை செய்தான்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தது போக வீட்டில் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. காவிக்கட்டியும் இருந்தது. கஞ்சி கொண்டுவந்த பெண்டாட்டி சுடலைமாடத்தியை ஓடையில் தண்ணீர் மொண்டு காவியைக் கரைக்கச் சொன்னான்.

"இதென்ன கூத்து? செத்த மரத்துக்குப் பொங்கலா?"

"சத்தம் போடாத. கட்டியில்லாமக் கரை."

"எனக்குப் புரிஞ்சு போச்சு. கோயில் செவரு மாதிரி பட்டை அடிக்கப் போறிய. பொய்ச் சாமிக்கு நான் கரைக்க மாட்டேன்."

"நான் சாமின்னு சொன்னேனா? பட்டைதானட்டி அடிக்கேன். பாக்குறவ என்ன நெனைக்கான்னா அது அவ பாடு."

"நல்ல நாயம் ஒங்க நாயம். வாயால சொல்லாமக் கையால பொய் சொல்றது." சொல்லிக்கொண்டே மாடத்தி கரைத்தாள். புருசனுக்கு முகம் தொங்கினால் அவளுக்குப் பொறுக்காது.

வெள்ளை ஒன்று, காவி ஒன்று என்று மரத்தின் இடுப்பைச் சுற்றிப் பட்டை ஏறியது. இருவரும் உண்ணிப்புதருக்குள் ஒளிந்துகொண்டு பார்த்தார்கள். மாரிக்கனி வந்தாள். மரத்தைப் பார்த்தாள். அரிவாளைக் கீழே வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள், முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்தே போய்விட்டாள். புதருக்குள் மாடத்தி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரித்தாள். சங்கையாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படிச் சேர்ந்து சிரித்ததில்லை என்று பின்னாளில் அவன் சொன்னதுண்டு.

அதற்கப்புறம் அந்த மரத்தை யாரும் தொடவில்லை. அடுத்த கோடைக்கு ஒரு இருவாச்சிப் பொட்டை அதில் குடியேறி, குஞ்சு எடுத்துப் போனது. சங்கையா அதை வனவரிடம் சொன்னபோது சந்தோசத்தில் திக்கினான்.

ஆனால் கண்ணுகளா, சும்மா இருக்கிற சாமியை நம் ஆட்கள் சும்மா விடுவார்களா?

மாந்தோப்புக்குக் காவல் இருந்தவன் ராக்கப்பன். மாடத்திக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. வாயாடி, ஆனால் வெள்ளை மனசு. அவனுடைய சினைப்பசு ஒன்று காணாமல் போய், தேடித் தேடி, கடைசியில் பட்ட மருதின் அடியில் கன்று ஈன்று நின்றது. ராக்கப்பன் அங்கேயே தேங்காய் உடைத்தான். மரத்துக்கு மருதய்யா என்று பெயர் வைத்தவனும் அவன்தான். வெள்ளிக்கிழமை தோறும் குளித்து, வேட்டி மாற்றி, விபூதித் தட்டோடு வந்து நின்றான். மாரிக்கனி மருமகளுக்குப் பிள்ளை நிற்காமல் நிற்காமல் இருந்து, மருதய்யாவுக்கு மரத்தொட்டில் கட்டியபின் நின்றது. அவ்வளவுதான். சுந்தரபாண்டியத்திலிருந்து ஆட்டோவில் வந்தார்கள். ராஜபாளையத்து மில்லில் ஷிப்டு முடித்த பெண்கள் கூட்டமாக வந்தார்கள். தாழ்ந்த கிளையெல்லாம் தொட்டில். மரத்தின் தூரில், வேரும் அடிமரமும் சேருகிற இடத்தில், ஆள் குனிந்து நுழையலாம் போல ஒரு குழி உண்டு. அதுதான் கருவறை என்று ஆயிற்று. காற்று அணைக்காத இடம்; விளக்கும் சூடமும் அங்கே எரிந்தன.

சங்கையா முதலில் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு ஒருநாள் குழிக்குள் கம்பை விட்டுப் பார்த்தான். உள்பக்கம் கரியாகியிருந்தது. கம்பு நுனியில் மரம் தூளாக வந்தது. ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றினான். உள்ளே எங்கோ உஸ்ஸென்று சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தான். மரம் பாதைப் பக்கமாகக் கொஞ்சம் குனிந்த மாதிரி இருந்தது. போன மாதம் அப்படி இல்லை.

மேலே பொந்தில் பூச்சு ஈரமாக இருந்தது. பொட்டை உள்ளே போய்விட்டாள்.

வனவர் வந்து பார்த்தார். "ஆள் கூடுற எடம் சங்கையா. விழுற மரம்னா சொல்லுங்க, எழுதிக் கேட்டுத் தள்ளிவிட்டுருவோம். ஒரு மரத்துக்காக ஆளப் பறிகொடுக்க முடியாது."

சங்கையா அண்ணாந்து கீறலைப் பார்த்தான். அதற்குள்ளிருந்து மூக்கு நுனி மட்டும் தெரிந்தது. "நிக்கும்யா," என்றான். "குஞ்சு எறங்குற வரைக்கும் நிக்கும். நான் சுத்தி முள்ளு போட்டுருதேன். ஆளுகள நான் நிப்பாட்டுதேன்."

இந்த ஒரு வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பங்குனியில்தான் மகள் பாண்டீஸ்வரி சுந்தரபாண்டியத்திலிருந்து வந்து இறங்கினாள். புருசன் கௌதம்ராஜ் மில் வேலைக்காரன், தங்கமான பையன். ஆனால் கல்யாணமாகி எத்தனையோ ஆடி வந்து போய்விட்டது, பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிக்கும் அலைந்து பார்த்துவிட்டார்கள். மாமியார் வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. வளைகாப்பு வீடுகளுக்குப் போகும்போது மருமகளைக் கூப்பிடாமல் போய்விட்டு வருவாள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் போதாதா?

மாடத்தி கருவாட்டுக் குழம்பு வைத்து, சீனியவரை வத்தல் பொரித்து மகளுக்குப் பரிமாறினாள். சங்கையாவும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

"யப்பா," என்றாள் பாண்டீஸ்வரி, சோற்றைப் பிசைந்துகொண்டே. "வெள்ளிக்கெழமை மருதய்யாவுக்குத் தொட்டில் கட்டலாம்னு வந்திருக்கேன்."

சங்கையாவுக்குக் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. "அங்க போகக்கூடாது தாயி."

"ஏன்?"

"அது சாமி இல்ல. நான் அடிச்ச பட்டை. வெறகுக்காரிய வெட்டாம இருக்கணும்னு நான்தான் சுண்ணாம்பும் காவியும் அடிச்சேன். வேணும்னா ஒங்க ஆத்தாட்டக் கேளு. அவதான் கரைச்சுக் குடுத்தா."

பாண்டீஸ்வரி ஆத்தாளைப் பார்த்தாள். மாடத்தி குழம்புச் சட்டிக்குள் அகப்பையை விட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, சொல்லேன். வாயில என்ன வச்சிருக்க?"

"கரைச்சேன்," என்றாள் மாடத்தி. "கரைச்ச கையாலதான் போன வெள்ளி கும்பிட்டுட்டும் வந்தேன்."

"என்னது?"

"அம்புட்டுப் பேருக்கும் குடுக்குது. எம்மகளுக்குக் குடுக்காதா? நீங்க பட்டை அடிச்சப்ப அங்க ஒண்ணுமில்ல, நானும் பாத்தேன். பொறவு வந்து உக்காந்துருக்கலாம்ல? காலி வீடுன்னா யாராச்சும் குடி வரத்தான செய்வாக. பொந்துக்குப் பறவை வந்த மாதிரி."

"புத்தி கெட்டவளே, அந்த மரம் தூருல வெந்து நிக்கு! இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கு."

"அப்ப வெட்டச் சொல்லுங்க," என்றாள் மாடத்தி. "வனவரு கேட்டாராம்ல. நீங்கதான் நிக்கும்னு சொன்னீகளாம். பறவைக்குன்னா நிக்கும், எம்மகளுக்குன்னா விழுந்துருமோ?"

சங்கையா தட்டிலேயே கையைக் கழுவினான். பாண்டீஸ்வரி அழவில்லை, வத்தலை ஒவ்வொன்றாக எடுத்து நொறுக்கிக்கொண்டிருந்தாள். "பறவைக்கும் ஒண்ணும் ஆகாம, நானும் தூர நின்னு கும்பிட்டுட்டு வந்துருதேம்பா," என்றாள். யாரிடமோ கெஞ்சுகிற குரல். பெற்றவனிடம் அந்தக் குரலில் ஒரு பெண் பேசினால் அவன் என்னதான் செய்வான்?

மறுநாள் காலையில் அவன் நேரே மரத்தடிக்குப் போனான். ராக்கப்பன் தட்டைத் துலக்கிக்கொண்டிருந்தான். நாலைந்து பெண்கள் பொங்கலுக்கு அடுப்புக்கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாரிக்கனியும் அதில் இருந்தாள்.

"எல்லாரும் கேளுங்க," என்றான் சங்கையா. "இது சாமி இல்ல. பட்டை அடிச்சது நான். எங்க வீட்டுச் சுண்ணாம்பு, எங்க வீட்டுக் காவி. ஒங்களப் பொய் சொல்லி ஏமாத்திட்டேன். மரம் விழப் போகுது. போயிருங்க."

ஒருவரும் அசையவில்லை. பிறகு மாரிக்கனிதான் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, எம் பேத்தியத் தூக்கிப் பாத்திருக்கீயளா? நல்ல கனம். பொய்யின்னா அம்புட்டுக் கனம் கனக்குமா?"

"மாப்ள," என்று ராக்கப்பன் தோளில் கை போட்டான். "நீதான் அடிச்ச. யாரு இல்லன்னா? இந்த ஓடையில எம்புட்டு மரம் நிக்கி. இந்த மரத்துல வந்து அடின்னு ஒன் கையப் பிடிச்சு இழுத்தது யாரு? அதச் சொல்லு பாப்போம்."

"ஒருத்தரும் இழுக்கல மச்சான். பொந்து இருந்துச்சு, அடிச்சேன்."

"அதான் சொல்லுதேன். பொந்து எப்படி இருந்துச்சு?"

சங்கையா கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: தூரில் நெருப்பு வைக்காதீர்கள், முள்ளைத் தாண்டி வராதீர்கள். அதற்கு எல்லோரும் சரி என்றார்கள். உடைமுள்ளை வெட்டி மரத்தைச் சுற்றி இடுப்புயரத்துக்குப் போட்டான். முதுகெல்லாம் கீறல். மேலே சேவல் வந்து அத்திப்பழம் ஊட்டிவிட்டுப் போனது. அதைப் பார்த்ததும், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அவன் சொன்னது தனக்கா, பறவைக்கா, மருதய்யாவுக்கா, தெரியாது.

பங்குனிக் கடைசி வெள்ளி. பிளவக்கல் பக்கத்து மலையில் தீப் பிடித்துவிட்டது என்று விடியும் முன்பே எல்லா வாச்சர்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது சங்கையா மாடத்தியிடம், "அவள அங்க கூட்டிட்டுப் போயிராத," என்றான். மாடத்தி தலையாட்டினாள். மலையில் புல் எரிந்தது. பச்சைக் கொப்பை ஒடித்து அடித்து அடித்து அணைத்தார்கள். மேலே போனில் சிக்னல் கிடையாது.

இங்கே வெயில் தாழ்ந்ததும் தாயும் மகளும் கிளம்பிவிட்டார்கள். தலையாட்டியதை மாடத்தி மறக்கவில்லை, கண்ணுகளா. அவள் ஒரு கணக்குப் போட்டாள். நான் கூடப் போகாவிட்டால் இவள் தனியாகப் போய்விடுவாள். போனால் மரத்தடியில்தான் நிற்பாள். ராக்கப்பன் அன்றைக்குக் கூட்டத்துக்காக முள்ளை ஒரு பக்கம் ஒதுக்கி வழி விட்டிருந்தான். சாமிக்கு எதுக்கு முள்ளு என்று யாரோ கேட்டுவிட்டார்களாம். தூருக்குழியில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

மாடத்தி மகளை முள்ளுக்கு வெளியிலேயே நிறுத்தினாள். "நீ இங்கனயே நில்லு. ஒங்க அப்பா சொன்னதும் ஒரு சொல்லுதான. நான் போய்க் கட்டிட்டு வந்துருதேன். நீ கட்டுனா என்ன, நான் கட்டுனா என்ன."

"நேந்தவ நான்தானம்மா."

"ஒன்னப் பெத்தவ நான்தானட்டி. செத்த நேரம் நில்லு."

தொட்டிலோடு உள்ளே போனாள். மலைப்பக்கமிருந்து கோடைமழைக் காற்று ஒன்று புழுதியைச் சுருட்டிக்கொண்டு வந்தது. அவள் எம்பி, கிளையில் மஞ்சள் கயிற்றைப் போட்டு முடிந்தாள். முடிந்துவிட்டு, மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்போது தூரில் வெடிச்சத்தம் போல ஒன்று கேட்டது. மரம் வேகமாகக்கூட விழவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நின்று நிதானித்துச் சாய்ந்ததாம். ஆனாலும் ஒருவராலும் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை.

சங்கையா முகமெல்லாம் கரியோடு வந்து சேர்ந்தபோது மாடத்தியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். ராக்கப்பன் மண்ணில் விழுந்து புரண்டான். "எந் தங்கச்சிய எடுத்துக்கிட்டாரே மாப்ள! எந் தங்கச்சியக் கேட்டு வாங்கிக்கிட்டாரே!"

"யாரும் வாங்கல," என்றான் சங்கையா. "மரம் விழுந்துச்சு. நிக்கும்னு நான்தான் சொன்னேன்."

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அவன் ஓடைக்குப் போனான். மரம் பாதையை அடைத்துக் கிடந்தது. பொந்து இருந்த பக்கம் தரையில் அழுந்தியிருந்தது. கடப்பாறையால் மண்ணைத் தோண்டி, பூச்சை உடைத்து, கையை உள்ளே விட்டான். எடுத்ததை அங்கேயே குழி தோண்டிப் புதைத்தான். எழுந்து கையைத் துடைக்கும்போது சிறகுச் சத்தம் கேட்டது. சேவல் வந்தது. மூக்கில் ஒரு அத்திப்பழம். மரம் நின்ற இடத்தில், கீறல் இருந்த உயரத்தில், வெறும் காற்றில் அது சிறகடித்து நின்றது. தள்ளிப் போய் ஒரு புங்கில் உட்கார்ந்தது. மறுபடி வந்து அதே உயரத்தில் நின்றது. பழத்தைக் கீழே போடவேயில்லை.

சங்கையா துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான்.

வனவர் பாதையோரத்துப் பட்டமரங்களை எல்லாம் எடுத்துவிட உத்தரவு வாங்கிவந்தார். ஆள் நடமாடுகிற இடம்; வேறு வழியில்லை. காட்டிக்கொடுக்க சங்கையாவை அழைத்தார். அவன் பாதையோரத்து மரங்களைக் காட்டினான். அதோடு நிற்காமல் புதருக்குள் போய், மனுசன் போகாத இடத்து மரங்களையும் காட்டினான்.

"இது எட்டத்துல இல்ல இருக்கு சங்கையா? இத எதுக்கு?"

"யாராச்சும் வருவாகய்யா."

"இங்க யாரு வரப்போறா?"

"தேடி வருவாகய்யா. வெட்டிருங்க. ஒண்ணும் நிக்க வேண்டாம்."

வனவர் அவன் முகத்தைப் பார்த்தார். "நீங்களா இதச் சொல்றது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, உள்ளே இருந்தவற்றை விட்டுவிட்டுப் போனார். பாதையோரம் மொட்டையாயிற்று. பழைய கிளைப்பாலம் இல்லாமல் சாம்பல் அணில் ஒன்று தரையில் இறங்கித் தாண்டப் பார்த்து, தோப்பு நாய்களின் வாயில் போயிற்று. ராக்கப்பன் அதை இலையில் பொதிந்து கொண்டுவந்து காட்டினான். சங்கையா அதையும் புதைத்தான்.

ஐப்பசி மழை ஒருநாள் வெறித்த மதியத்தில் பாண்டீஸ்வரி வந்தாள். அவள் நடையிலேயே தெரிந்தது. ஐந்து மாதம் என்றாள். ஊருக்கு முன்பே தெரியும்; தாயை எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தார் மருதய்யா என்று சுந்தரபாண்டியம் வரைக்கும் பேச்சு. மாமியார் இப்போது அவளைத் தரையில் உட்கார விடுவதில்லையாம். கையில் ஒரு வாளி, அதில் சுண்ணாம்பும் காவிக்கட்டியும் இருந்தன.

"ராக்கப்பன் மாமா சொல்லுதாக, கெடக்குற மரத்துக்கு மறுபடி பட்டை அடிக்கணுமாம். மொதல்ல அடிச்ச கைதான் அடிக்கணுமாம்."

"நான்தான் அடிச்சேன்னு கத்துனப்ப ஒருத்தனும் கேக்கல. இப்ப என் கைதான் வேணுமோ?"

"யப்பா."

"அது மரம் தாயி. வெறும் மரம். அதுதான் ஒங்க ஆத்தா மேல விழுந்துச்சு."

"எனக்கும் தெரியும்பா," என்றாள் அவள். வாளியைக் கீழே வைத்தாள். "நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். ஆனா அது வெறும் மரம்னா அம்மா சும்மா போயிட்டான்னு ஆயிரும். அத என்னால தாங்க முடியாதுப்பா. வயித்துல வச்சிக்கிட்டு முடியாது."

சங்கையா வாளியைப் பார்த்தான். பிறகு எடுத்துக்கொண்டு நடந்தான். மகளை ஓடைக்கு அந்தப்பக்கமே, வானம் தெரிகிற வெட்டவெளியில் நிறுத்தினான். கிடந்த மருதில் மழைக்குக் காளான் பூத்திருந்தது. அடியில் ஓர் உடும்பு நுழைந்து வால் மட்டும் தெரிந்தது. மரப்பட்டை உரிந்த இடத்தில் வண்டுகள். இரண்டு பக்கமும் அரிவாள் பட்ட புதுத் தடம் இருந்தது. யாரோ விறகுக்குத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

காவியைக் கரைத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஓடையில் தண்ணீர் மொண்டு அவனே கரைத்தான். கட்டி கரையவில்லை. கட்டியோடுதான் அடித்தான். வெள்ளை ஒன்று, காவி ஒன்று. மாடத்தி அடியில் கிடந்த இடம் வந்ததும் கை நின்றது. அந்த இடத்தை மட்டும் வெறுமனே விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாண்டினான்.

"கும்பிட்டுக்கிடுங்கப்பா," என்று மகள் அக்கரையிலிருந்து சொன்னாள்.

சங்கையா அதுவரைக்கும் அந்த மரத்தைக் கும்பிட்டதில்லை. காவி வழிகிற இரண்டு கையையும் சேர்த்தான். அவன் கண் பட்டை அடித்த இடத்தில் இல்லை, அடிக்காமல் விட்ட இடத்தில் இருந்தது.

அவ்வளவுதான் என் கண்ணுகளா. முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள், விளக்கு வைக்கிற நேரம். உங்கள் வீட்டுத் தொட்டில்களெல்லாம் உளுக்காத உத்தரத்தில் தொங்கட்டும். ஆட்டுகிற கை அசந்தாலும் அறாத கயிறாக இருக்கட்டும். கட்டிவிட்டுத் திரும்பிச் சிரிக்கிற உங்கள் ஆத்தாமார் முழுசாகத் திரும்பி வந்து, அடுப்பில் உலை வைத்து, உங்களைச் சாப்பிடக் கூப்பிடட்டும். நல்லா இருங்க.